மாடித் தரையை எடுக்க எந்த மெஷின்? உளி முதல் பெரிய பிரேக்கர் வரை ஓர் ஒப்பீடு

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மாடியில் 12-க்கு 14 அடி ஹால், அதை ஒட்டி ஒரு பால்கனி. 2003-ல் ஒட்டிய செராமிக் டைல்ஸ். பாதிக்கு மேல் கால் வைத்தால் டொக் டொக்கென்று சத்தம் வருகிறது. நடுவில் நாலு டைல் கூரை போலக் கிளம்பி நிற்கிறது. பெரிய பிரேக்கரை வாடகைக்கு எடுத்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி. உடைக்கவே வேண்டாம், மேலேயே ஒட்டிவிடலாம் என்கிறார் டைல்ஸ் கடைக்காரர். ஆள் வைத்து உளியால் கொத்தி எடுப்பதுதான் வீட்டுக்கு நல்லது என்கிறார் வாசகியின் அண்ணன். வீட்டில் ஆஸ்துமா உள்ள மாமியார் இருக்கிறார். "மூன்று பேரும் விஷயம் தெரிந்தவர்கள்தான். நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று முடித்திருந்தார்.

திருச்சிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையைப் பல வருடமாக மேற்பார்வை செய்கிறேன். இந்தக் கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவையாவது வரும். நான் பார்த்தவரை, எல்லோரும் டைல்ஸைப் பார்த்து மெஷினை முடிவு செய்கிறார்கள். பார்க்க வேண்டியது டைல்ஸுக்குக் கீழே இருப்பதை. தரைத்தளமா மாடியா, ஸ்லாப் எவ்வளவு கனம், கம்பி எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

## எதை வைத்து முடிவு செய்வது

ஸ்லாப். மாடித் தரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இப்படி இருக்கும்: மேலே 8 மி.மீ. டைல், அதற்கடியில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் சிமெண்ட் கலவை, அதற்கும் கீழே 4 அல்லது 5 அங்குல ஆர்.சி.சி. ஸ்லாப், அதாவது கம்பி கட்டிய காங்கிரீட் தளம். ஸ்லாபுக்குள் கம்பி. கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டைக் 'கவர்' என்போம். வீட்டுக்குள் இருக்கும் ஸ்லாபுக்கு ஐ.எஸ். 456 என்ற காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை சொல்லும் கவர் 20 மி.மீ. அதாவது ஒரு கட்டைவிரல் அகலம். பழைய வீடுகளில் அதுவும் இருக்காது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஸ்லாபின் நடுப்பகுதியில் முக்கியக் கம்பி அடிப்பக்கம் ஓடும். ஆனால் சுவர் மேலும் பீம் மேலும் ஸ்லாப் உட்காரும் இடங்களில் கம்பி மேல்பக்கம் ஏறிவரும். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் முக்கியக் கம்பி முழுக்க மேலேதான் கிடக்கும். அந்தரத்தில் நிற்கும் பால்கனியைப் பிடித்துவைத்திருப்பதே அந்தக் கம்பிதான். டைல்ஸை எடுக்கும் வேகத்தில் மெஷின் உளி கலவையைத் தாண்டி இறங்கினால் முதலில் அடி வாங்குவது அது.

தூசி. சிமெண்ட் கலவையிலும் டைலிலும் கிரானைட்டிலும் சிலிக்கா இருக்கிறது. உடைக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத துகளாகி நுரையீரலின் அடிவரை போகும். அதனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த வழியில்லை. சிலிக்கா தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. அமெரிக்காவில் 2016-ல் வந்த விதிப்படி, 8 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மூடிய அறையில் உலர்வாக உடைத்தால் இந்த அளவைத் தாண்டுவது மிக எளிது. முகத்தில் கட்டும் துண்டு இதைத் தடுக்காது.

மெஷின் பிடிப்பவரின் கை. அதிர்வுக்கும் கணக்கு உண்டு. ஐரோப்பிய விதிப்படி ஒரு நாளைக்குச் சராசரி 2.5 மீட்டர்/நொடி² வந்தாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. 10 அளவுக்கு அதிரும் மெஷினைப் பிடித்தால் முதல் அளவு அரை மணியிலும் மேல் வரம்பு 2 மணியிலும் வந்துவிடும். 15 அதிர்ந்தால் மேல் வரம்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. இங்கே அந்தத் தம்பிகள் காலை 9 மணிக்குப் பிடித்தால் மாலை 5 வரை விடுவதில்லை. ராத்திரி விரல் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று சொல்லும் 30 வயதுக்காரர்களை எனக்குத் தெரியும்.

இடிபாடு. இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. 12-க்கு 14 ஹால் என்றால் 168 சதுர அடி. கலவை ஒன்றரை அங்குலம் என்று வைத்தாலே டைலோடு சேர்த்து ஒன்றரை டன் வரும். 30 கிலோ வீதம் சாக்கில் கட்டினால் 50 மூட்டை. அது மாடியிலிருந்து இறங்க வேண்டும், தெருவிலிருந்து போக வேண்டும்.

மிச்சமிருக்கும் தரை. உடைத்து முடித்ததும் கிடைக்கும் பரப்பு புதுத் தரைக்குத் தயாரா, இல்லை அதைச் சரிசெய்ய இன்னொரு செலவா என்பது கடைசி அளவுகோல்.

## வழி 1: உளி, சுத்தியல், கடப்பாரை

மிகப் பழைய வழி, இன்றும் சில இடங்களில் இதைத் தவிர வேறு வழியே கிடையாது. தேக்கு உத்திரம் போட்டு, செங்கலைச் சுண்ணாம்பில் குத்தவைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் மேலே எந்த மெஷினும் ஏறக் கூடாது. அந்தச் செங்கற்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தொடர்ந்து அதிர்ந்தால் பிடி தளரும். பால்கனி ஓரம், பாத்ரூம் தரைக்குழாய் வாயைச் சுற்றி ஒரு அடி, சுவரில் பைப் இறங்கும் இடம், இவற்றிலும் கைதான் நல்லது. உளி பைப்பைத் தொட்டால் கை நின்றுவிடும். மெஷின் நிற்பதற்குள் பத்து அடி விழுந்திருக்கும்.

இன்னொரு நன்மை, கல்லை மீட்கலாம். கடப்பா கல்லை ஓரத்தில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் முழுசாக வரும். ஆத்தங்குடிக் கல்லும் பொறுமையாக எடுத்தால் கணிசமாகத் தேறும். மெஷின் வைத்தால் எல்லாமே இடிபாடுதான்.

வெளியே தெரியாத செலவு, நாள்தான். கும்பகோணம் ஹாலை இரண்டு பேர் கையால் எடுக்க மூன்று நாலு நாளாவது பிடிக்கும். அதோடு, கை வேலை என்றால் பாதுகாப்புச் சாமான் தேவையில்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது தப்பு. அடித்து அடித்து உளித் தலை பூ மாதிரி விரிந்திருந்தால் அதிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு கண்ணைப் பறித்துவிடும். விரிந்த தலையைத் தேய்த்துவிட்டுத்தான் உளியைக் கையில் கொடுக்க வேண்டும். கண்ணாடியும் ஷூவும் இங்கேயும் வேண்டும்.

## வழி 2: சின்ன சிப்பிங் மெஷின்

கையில் பிடித்துக் கொத்தும் மின்சார மெஷின். 5 முதல் 6 கிலோ எடை, சுமார் 1,000 வாட், உளி ஒரு தடவை அடிக்கும் ஆற்றல் 7, 8 ஜூல். மாடித் தரைக்கு நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கலவையைப் பெயர்க்க இந்த அடி போதும். நல்ல ஸ்லாபை ஆழமாகத் தோண்ட இதற்குச் சக்தி பற்றாது. அதுதான் நமக்கு வேண்டியது.

மெஷினை விட முக்கியம் அதில் மாட்டும் உளி. கூர்முனை உளியை மாட்டிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள். தரைக்கு அகலமான தட்டை உளி வேண்டும், 50 முதல் 75 மி.மீ. அதைத் தரைக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வில் பிடித்து, டைலுக்கும் கலவைக்கும் நடுவே நுழைக்க வேண்டும். நேராகக் குத்தினால் அடி முழுக்க ஸ்லாபுக்குத்தான் போகும். எங்கே டைல் ஏற்கெனவே உப்பியிருக்கிறதோ அங்கே ஆரம்பித்தால் சாய்வு கிடைத்துவிடும்.

கூடவே இருந்து பார்த்தால், கலவை முடிந்து ஸ்லாப் ஆரம்பிக்கும் இடம் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். கலவை பழுப்பாக, பொலபொலவென்று அல்லது வில்லை வில்லையாகப் பெயரும். அப்புறம் திடீரென்று மெஷின் துள்ளும். சத்தம் 'தடதட' என்பதிலிருந்து 'ணங்ணங்' என்று மாறும். கருநீல ஜல்லி முகம் காட்டும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நல்ல ஆள் அந்தத் துள்ளலைக் கையால் உணர்ந்து தானே நகர்ந்துவிடுவார். அப்படி ஓர் ஆள் கிடைத்தால் அவருடைய போன் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு இடத்தில் கோடு போட்டு வெட்டிக்கொள்வது நல்லது: பக்கத்து அறைக்குப் போகும் வாசற்படி ஓரம், சுவர் ஓரம். வெட்டாமல் அடித்தால் பக்கத்து அறை டைலும் கூடவே கிளம்பும், ஸ்கர்ட்டிங்கோடு (சுவரடியில் ஒட்டும் டைல் பட்டை) சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வரும். அந்தப் பூச்சு வேலையும் பெயிண்டும்தான் இந்த வழியில் யாரும் கணக்கில் எழுதாத செலவு. ஆனால் உலர்வாக வெட்டுவதுதான் இந்த முழு வேலையிலேயே அதிகத் தூசி கிளப்பும் பத்து நிமிடம். உறிஞ்சும் குழாய் மாட்டிய மூடி உள்ள கட்டிங் மெஷின் கிடைத்தால் நல்லது. தண்ணீர் விட்டு வெட்டுவதானால், அதற்கென்றே தண்ணீர் இணைப்போடு வரும் மெஷினாக இருக்க வேண்டும், லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்க வேண்டும். அதில் டெஸ்ட் பட்டனை அமுக்கி, விழுகிறதா என்று பார்த்த பிறகே ஆரம்பியுங்கள்.

நேரம்? அதே ஹாலுக்கு ஒன்று முதல் ஒன்றரை நாள், இடைவெளி விட்டு வேலை செய்தால்.

## வழி 3: பெரிய பிரேக்கர்

10, 11 கிலோ மெஷின் ஒன்று, 16 கிலோ மெஷின் ஒன்று. அதற்கு மேலும் 30 கிலோ ரகம் இருக்கிறது. 16 கிலோ மெஷினின் ஒரு அடி 40 ஜூலைத் தொடும். சின்ன மெஷினைப் போல ஐந்து மடங்கு. நிற்கும்போதே உளி செங்குத்தாக இறங்கும்படிதான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். ரோட்டையும் அஸ்திவாரத்தையும் உடைக்கச் செய்த சாமான் இது.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு மாடி போர்ஷன். நான் போவதற்குள் 16 கிலோ மெஷின் ஏறிவிட்டது. "சார், சாயங்காலத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துர்றேன்" என்றார் அந்தத் தம்பி. உண்மையில் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் கீழே இறங்கி, கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா அடுப்படியில் இருந்தார். ஹாலில் அண்ணாந்து பார்த்தால், மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி சீலிங் பூச்சில் முடி போல ஒரு விரிசல் சுற்றி வந்திருந்தது. "வாங்கம்மா, வெளிய வாங்க" என்று அவரைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்திவிட்டு, மாடிக்கு ஓடி மெஷினை நிறுத்தச் சொன்னேன். நாங்கள் மறுபடி இறங்கி வருவதற்குள் ஒரு முறம் அகலத்துக்குப் பூச்சு சோபா மேல் விழுந்து கிடந்தது. சோபாவில் வழக்கமாக உட்காரும் பாட்டி அன்றைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார். மேலே கலவையை நீக்கிப் பார்த்தபோது ஸ்லாபில் ஐந்து இடத்தில் குழி. ஒன்றில் கம்பி வெளியே தெரிந்தது. அந்தக் குழிகளைச் சுத்தம் செய்து, கம்பிக்குத் துருத் தடுப்பு அடித்து, ரிப்பேர் மார்ட்டரால் அடைத்தோம். கீழ் வீட்டு சீலிங்கை முழுக்கக் கொத்திப் பூசினோம். மிச்சம் பிடித்த ஒரு நாளுக்கு இரண்டு வாரம் போனது.

அதனால் பெரிய மெஷினே கெட்டது என்று சொல்லவில்லை. தரைத்தளத்தில் அதற்கு ஈடு இல்லை. மண் நிரப்பு இறங்கி, தரை பள்ளமாகி, 4 அங்குல ஜல்லி காங்கிரீட்டையே எடுத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியிருந்தால், சின்ன மெஷினை வைத்து நாள் முழுக்க ஒருவரை அதிரவிடுவதை விடப் பெரிய மெஷினில் சீக்கிரம் முடிப்பது அவர் கைக்கும் நல்லது. முதலில் இரண்டு விஷயம் மட்டும் உறுதி செய்ய வேண்டும். ஒன்று, அடியில் சம்ப்போ செப்டிக் டேங்கோ இல்லை என்பது. போர்டிகோவுக்குக் கீழே சம்ப் இருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். அதன் மூடி ஸ்லாப் மேல் நின்று பிரேக்கர் ஓட்டுவது ஆளையே உள்ளே தள்ளிவிடும். இன்னொன்று, தண்ணீர் பைப், எர்த் வயர், மீட்டருக்கு வரும் கேபிள் போகும் பாதை. பழைய பிளான் இல்லையென்றால் வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு நினைவிருக்கும்.

பெரிய மெஷினின் மறைமுகச் செலவுகள்: சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்ற கணக்கில் 100 டெசிபலில் காது தாங்குவது 15 நிமிடம்தான். காதடைப்பான் இல்லாமல் பக்கத்தில் நிற்கும் சித்தாளுக்கும் இதே கணக்கு. பிளக் 16 ஆம்பியர் பாயிண்டில் போக வேண்டும். நீள எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலேயே விட்டு ஓட்டினால் அது சூடாகி உருகும். முழுக்க விரித்துப் போட வேண்டும். வயர் முனையைச் சீவி, சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து அடைப்பதைப் பார்த்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

## வழி 4: தேய்த்து எடுப்பது

டைல் வந்துவிட்டது, ஆனால் பசையோ மெல்லிய கலவையோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அல்லது ஸ்லாபில் அங்கங்கே மேடு. இதற்கு வைரக் கப் மாட்டிய கிரைண்டர் சரியானது. அடி இல்லை, அதனால் ஸ்லாபுக்கு அதிர்ச்சி இல்லை. கிடைக்கும் பரப்பும் இருக்கும் எல்லா வழிகளிலும் நேர்த்தியானது.

ஆனால் தூசி, சொல்லி மாளாது. உறிஞ்சும் மூடியும் நுண்தூசி பிடிக்கும் வேக்யூமும் இல்லாமல் வீட்டுக்குள் இதை ஓட்ட நான் அனுமதிப்பதில்லை. வாடகைக்கு எடுக்கும்போது கிரைண்டர் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வேக்யூமையும் சேர்த்துக் கேட்டால்தான் உண்மையான விலை தெரியும். மர வெட்டு பிளேடைக் கைக் கிரைண்டரில் மாட்டுவதும், காப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவதும் விரலை இழக்கும் வழி.

மொசைக் தரை வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. 70, 80-களில் போட்ட மொசைக் பழசாகத் தெரிவதாலேயே உடைக்கச் சொல்லி வருகிறார்கள். வெடிப்பு இல்லாமல் உறுதியாக இருந்தால், தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போட்டாலே போதும். ஈரத்தில் செய்வதால் தூசி குறைவு, இடிபாடு என்று எதுவும் இல்லை, சேறு மட்டும்தான். அப்படிப்பட்ட தரையை உடைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது.

பழைய அலுவலகத்திலோ வெளிநாட்டு வீட்டிலோ கறுப்புப் பசையில் ஒட்டிய பழைய வினைல் டைல் இருந்தால் அதைத் தேய்க்கவும் கூடாது, உலர்வாக உடைக்கவும் கூடாது. டைலிலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதித்த பிறகே கை வைக்க வேண்டும்.

## வழி 5: உடைக்காமல் மேலேயே ஒட்டுவது

தூசியும் அதிர்வும் இடிபாடும் இல்லை என்பதால் இது ஆசை காட்டும் வழி. பழைய டைல் உறுதியாக இருந்தால் நல்ல வழியும்கூட. உறுதியா என்று பார்க்க ஒரு ரூபாய் நாணயம் போதும். ஒவ்வொரு டைலிலும் நாலு மூலை, நடு என்று தட்டுங்கள். கனத்த சத்தம் வந்தால் பிடிப்பு இருக்கிறது. பானையைத் தட்டுவது போல வந்தால் அடியில் வெற்றிடம். சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனால் அரை மணியில் முழு ஹாலின் படமும் கிடைத்துவிடும். ஒன்றிரண்டு வெற்றாக இருந்தால் அதை மட்டும் எடுத்து அடைக்கலாம். அங்கங்கே பரவியிருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள். பிடிப்பில்லாத டைல் மேல் புது டைல் ஒட்டினால் இரண்டும் சேர்ந்தே கிளம்பும்.

ஒட்டுவதற்குச் சிமெண்ட் பால் உதவாது. ஐ.எஸ். 15477 தரத்தில் டைப் 3 அல்லது அதற்கு மேலான அடிசிவ், அதாவது டைல் ஒட்டும் பசை, வேண்டும். எடை, ஒரு சதுர மீட்டருக்கு 25 முதல் 30 கிலோ கூடும். வீட்டு அறைக்கு ஆள், சாமான் எடையாக 200 கிலோ கணக்கிட்டிருப்பார்கள் என்பதால் நல்ல ஸ்லாப் இதைத் தாங்கும். கம்பி துருப்பிடித்து சீலிங் உரிந்துகொண்டிருக்கும் ஸ்லாபும், நீட்டி நிற்கும் பால்கனியும் அந்தக் கணக்கில் சேராது.

உயரம்தான் இதில் மறைந்திருக்கும் பெரிய செலவு. தரை 12 முதல் 15 மி.மீ. ஏறும். கதவுகளைக் கழற்றிச் சீவ வேண்டும். பாத்ரூமுக்கும் ஹாலுக்கும் இருந்த படி இறக்கம் குறையும். பால்கனித் தண்ணீர் உள்ளே வரலாம். எல்லாவற்றையும் விட மாடிப்படி. எல்லாப் படியும் 6 அங்குலமாக இருக்க, கடைசிப் படி மட்டும் அரை அங்குலம் உயர்ந்தால் கால் அதை எதிர்பார்க்காது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இந்த அரை அங்குலம் விழ வைக்கும்.

## ஒரே பார்வையில்

| | கை உளி | சின்ன சிப்பிங் | பெரிய பிரேக்கர் | தேய்ப்பது | மேலேயே ஒட்டுவது |
|---|---|---|---|---|---|
| மாடி ஸ்லாபுக்கு ஆபத்து | மிகக் குறைவு | குறைவு, உளி சாய்வாக இருந்தால் | அதிகம் | இல்லை | எடை மட்டும் கூடும் |
| தூசி | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் | வேக்யூம் இல்லாவிட்டால் மிக மோசம் | மிகக் குறைவு |
| கைக்கு அதிர்வு | இல்லை, உழைப்பு அதிகம் | உண்டு, இடைவெளி வேண்டும் | மிக அதிகம் | ஓரளவு | இல்லை |
| 168 சதுர அடிக்கு நாள் | 3–4 | 1–1½ | 1-க்குள் | மேட்டைப் பொறுத்தது | உடைப்பே இல்லை |
| கணக்கில் எழுதாத செலவு | கூலி நாள் | சுவர்ப் பூச்சு, பெயிண்ட் | ஸ்லாப், கீழ் சீலிங் ரிப்பேர் | வேக்யூம் வாடகை | கதவு, படி, உயரம் |
| எங்கே சிறந்தது | பால்கனி, மெட்ராஸ் டெரஸ், பைப் ஓரம் | மாடி அறைகள், பாத்ரூம் | தரைத்தள ஜல்லி காங்கிரீட் | பசை, மேடு, மொசைக் | உறுதியான பழைய டைல் |

## எந்த வழியானாலும்

என்95 மாஸ்க் குறைந்தபட்சம். வடிகட்டி மாட்டும் அரைமுக மாஸ்க் அதை விட நல்லது. தாடி இருந்தால் இரண்டுமே முகத்தில் சரியாக ஒட்டாது. செடிக்குத் தெளிக்கும் கை ஸ்பிரேயரால் உடையும் இடத்தை நனைத்துக்கொண்டே போக வேண்டும். தரை ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது, மெஷின் மேல் படக் கூடாது. லுங்கியும் ஹவாய்ச் செருப்பும் வேண்டாம். உடைந்த டைல் சில்லு பிளேடு மாதிரி அறுக்கும். உளியை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சூடாக இருக்கும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மெஷினை அமுக்கத் தேவையில்லை, அதன் எடையே அடிக்கும். அமுக்கினால் கைக்கு வரும் அதிர்வுதான் கூடும். உளி மாட்டிக்கொண்டால் மெஷினை வைத்து நெம்பாமல் கடப்பாரையால் விடுவியுங்கள். இரண்டு பேர் இருந்தால் அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாறச் சொல்லுங்கள், கூலி அதே கூலிதான்.

மூட்டைகளை மூலையில் அடுக்கக் கூடாது. ஒன்றரை டன்னை ஐந்தடிக்கு ஐந்தடி மூலையில் குவித்தால் சதுர மீட்டருக்கு 650 கிலோ வந்துவிடும். ஸ்லாபுக்குக் கணக்கிட்ட 200-ஐப் போல மூன்று மடங்குக்கு மேல். சுவர் ஓரமாகப் பரப்பி வைத்து, அன்றன்றைக்கே இறக்கிவிடுங்கள். தெருவிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது; 2016-ல் வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகளே அதைத் தடை செய்தன. சென்னையில் மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் ஆலைகள் இருக்கின்றன; மற்ற ஊர்களில் நகராட்சி காட்டும் இடத்தை வேலைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடைத்து முடிந்ததும் உடனே டைல் ஒட்ட அவசரப்படக் கூடாது. ஒரு நாள் தரையைப் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள். சுத்தியல் காம்பால் தட்டி, வெற்றுச் சத்தம் வரும் இடத்தை எடுங்கள். கம்பி தெரிந்தால் மூடிவிடாமல் எஞ்சினியரிடம் காட்டுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல் வேக்யூம் பிடித்து, ஈரத் துணியால் துடையுங்கள். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து நாலு சுவரிலும் மட்டம் குறித்த பிறகு, மேட்டைத் தேயுங்கள், பள்ளத்தை நிரப்புங்கள். அடிசிவில் ஒட்டுவதாக இருந்தால் இந்த வேலைதான் எல்லாமே, ஏனென்றால் அடிசிவ் 3 முதல் 6 மி.மீ. கனம்தான், அதனால் பள்ளத்தை மறைக்க முடியாது. கலவையில் ஒட்டுவதானால் ஸ்லாபை நனைத்து, தேங்கிய நீரை எடுத்து, சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்து, அது காய்வதற்குள் கலவை போட வேண்டும். பாத்ரூம் என்றால் வாட்டர்ப்ரூஃப் பூசி 24 மணி நேரமாவது தண்ணீர் கட்டி, கீழே ஒழுகுகிறதா என்று பார்க்காமல் டைல் போடாதீர்கள். தரைத்தளமாக இருந்தால் கரையான் மருந்து செலுத்த இதை விட நல்ல சமயம் வராது.

## கும்பகோணம் ஹாலுக்கு

பாதிக்கு மேல் பிடிப்பில்லை என்பதால் மேலேயே ஒட்டும் பேச்சு கிடையாது. மாடி என்பதால் பெரிய பிரேக்கரும் வேண்டாம். சின்ன சிப்பிங் மெஷின், தட்டை உளி, இரண்டு ஆள். ஹாலை ஒட்டிய பால்கனியை மட்டும் அண்ணன் சொன்னபடி கையால் எடுக்கட்டும். மாமியாரை உடைப்பு ஆரம்பிப்பதற்கு முந்தைய நாளே சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். கதவில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினாலும் நுண்தூசி பல மணி நேரம் காற்றில் நிற்கும். ஈரத் துடைப்பு முடிந்து ஒரு நாள் கழித்து வரட்டும். கீழே குடியிருப்பவர்களிடம் நேரத்தைச் சொல்லி, அந்த அறையைக் காலி செய்யச் சொல்லி, சீலிங்கை வேலைக்கு முன்னால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் டைல் எழும்பியதற்கு ஒரு காரணம், அன்றைக்கு இடைவெளியே விடாமல் முட்ட முட்ட ஒட்டியது. வெயிலில் விரியும் டைலுக்கு விலக இடமில்லை. இந்தத் தடவை டைலுக்கு டைல் 2, 3 மி.மீ. ஸ்பேசர் வைக்கச் சொல்லுங்கள். சுவர் ஓரம் 8, 10 மி.மீ. விட்டு, அதை ஸ்கர்ட்டிங்கால் மறைக்கலாம்.

மெஷினோடு அந்தத் தம்பி வந்து இறங்கும் காலையில் டீ கொடுங்கள். குடித்து முடித்ததும், "தம்பி, உளியைக் காட்டுங்க, மாஸ்க் இருக்கா, பிளக்கைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று மூன்றையும் கேளுங்கள். மாஸ்க் இல்லையென்று சொன்னால் கொடுப்பதற்கு நாலு என்95 முதல் நாளே வாங்கி வைத்திருங்கள்.